விகுதியில் வந்த ராஜா

ஆண்டிறுதித் தேர்வுகள் முடிந்து, திருத்திய விடைத்தாள்களையும் திருப்பிக் கொடுத்த பிறகு, பள்ளி விடுமுறை தொடங்குவதற்குள் சில நாள்கள் மிஞ்சும். பாடத்திட்டத்தின் பிடி சற்றே தளரும் அந்த நாள்களில்தான் எனக்குப் பிடித்த கதைகளை நான் வகுப்புக்குக் கொண்டுபோவது வழக்கம். மதிப்பெண் கிடையாது, பயிற்சித்தாள் கிடையாது, கருத்தறிதல் வினாக்களும் கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிடுவேன். மாணவர்கள் ஐந்து நிமிடம் அதை நம்பமாட்டார்கள், பிறகு நாற்காலிகளை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

இந்த ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் அது வாய்த்தது. உயர்நிலை இரண்டாம் வகுப்புக்குக் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துச் சென்றேன். அது தீபாவளிக் கதை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அழகிரிசாமி சிங்கப்பூர்க்காரர்களான நமக்கு முற்றிலும் வெளியூர்க்காரர் அல்லர் என்று நான் நினைப்பது. 1950களில் சில ஆண்டுகள் அவர் கோலாலம்பூரில் தங்கித் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றினார். அங்கிருந்த இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார். சிங்கப்பூரும் மலாயாவும் ஒரே இலக்கிய உலகமாக இருந்த காலம் அது.

கதை எளியது. ஏழை வீட்டுக் குழந்தைகள் பணக்கார வீட்டுப் பையனோடு, யாரிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போட்டு விளையாடுகிறார்கள். தீபாவளி நெருங்குகிறது. எச்சில் இலையில் கிடப்பதைத் தின்னும் நிலையில் ஓர் அநாதைச் சிறுவன் அவர்கள் கண்ணில் படுகிறான். உடம்பெல்லாம் சிரங்கு. அந்த வீட்டுத் தாய் அவனை உள்ளே அழைத்து, தன் பிள்ளைகளோடு ஒருவனாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டை அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறாள். அவன் பெயர் ராஜா. பணக்கார வீட்டுக்கும் அந்தத் தீபாவளிக்கு ஒரு ராஜா வருகிறார். அவருக்கு ராஜா என்பது பட்டம். எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பையன் பெருமை பேச, எங்கள் வீட்டுக்குந்தான் வந்திருக்கிறது ஒரு ராஜா என்னும் பொருள்பட ஏழை வீட்டுச் சிறுமி பதில் சொல்கிறாள். வாசித்து முடித்தபோது வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கையை உயர்த்தி, "ஆசிரியர், ராஜா என்பது அவனோட பேரா, வேலையா?" என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி அடித்துவிட்டது. ஆசிரியர் அறைக்குப் போகும் வழியில்தான் அது சிரிக்க வேண்டிய கேள்வியன்று என்பது எனக்கு உறைத்தது.

எங்கள் தாய்மொழித் துறைக்கு ஆசிரியர் அறையில் சன்னலோர மூலை ஒன்று உண்டு. மலாய் ஆசிரியை, சீன ஆசிரியர், நான் ஆகிய மூவரும் அங்கே அருகருகே அமர்ந்திருக்கிறோம். நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. அவர் சிக்கு, இவர் லாவ்ஷி, நான் ஆசிரியர். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். தாய்மொழியைக் கற்பிப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட மூன்று பேர் நாள் முழுவதும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறோம் என்பதை எங்களில் யாரும் வேடிக்கையாக நினைப்பதுமில்லை. (கீழே அவர்கள் பேசியதாக நான் எழுதுபவை ஆங்கிலத்தில் சொல்லப்பட்டவை. என் கையில் அவை எழுத்துத் தமிழாகிவிட்டன. அவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பேசுகிறவர்கள் அல்லர், நானும் அல்லன் என்றுதான் என் மனைவி சொல்வாள்.)

சிக்கு பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, என் மாணவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டார். கதையைச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போகும்போது மழை, சிரங்கு, எண்ணெய், துண்டு எல்லாம் ஒழுங்காகவே வந்து சேர்ந்தன. தலைப்பைச் சொல்லப் போனபோது நின்றுவிட்டேன். ராஜா வந்திருக்கிறார் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் யாரோ வந்திருப்பதாக மட்டுமே பொருள்படுகிறது. வந்தவன் சிறுவனா அரசரா என்ற குழப்பம் 'ராஜா' என்ற பெயரில் மட்டும் இல்லை, 'வந்திருக்கிறார்' என்பதன் கடைசி அசையிலும் இருக்கிறது. வந்திருக்கிறான் என்றிருந்தால் அவன் சிறுவன். வந்திருக்கிறார் என்றால் அரசர். தலைப்பில் நிற்பது 'ஆர்'.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இதை நான் அன்றுதான் கவனித்தேன். இலக்கியம் படித்த காலத்தில் இந்தக் கதையைப் பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். கதைக்கரு, பாத்திரப்படைப்பு, வருணனை, உத்தி, சமுதாயப் பார்வை என்று துணைத்தலைப்புகள் இட்டு, வர்க்க வேறுபாட்டைப் பற்றி இரண்டு பக்கமும் தாய்மையைப் பற்றி மூன்று பக்கமும் நிரப்பியிருந்தேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. கதையின் தலைப்பை முதல் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டதோடு சரி, அதை ஒரு சொற்றொடராக நான் வாசிக்கவே இல்லை. இலக்கியக் கல்வி என் கண்ணைத் திறந்ததாக விழாக்களில் பேசியிருக்கிறேன். திறந்த கண் துணைத்தலைப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது போலும்.

'ஆர்' விகுதியை விளக்க முயன்றேன். சிக்கு பாதியிலேயே என்னை நிறுத்திவிட்டார். அவருக்கு அது புதிதே அன்று. மலாயில் வினைச்சொல்லுக்கு விகுதி மாறாது, ஆனால் அரசருக்கென்று தனி வினைச்சொற்களே உண்டு. நாமெல்லாம் 'மாக்கான்', அரசர் உண்டால் 'சந்தாப்'. நாம் உறங்கினால் 'தீடோர்', அரசர் உறங்கினால் 'பெராடு'. அரசர் எங்காவது புறப்பட்டால் 'பெராங்காட்', வந்து சேர்ந்தால் 'பெராங்காட் தீபா'. "அந்தச் சிறுமியை மலாயில் பேச வைத்தால், சிரங்கு பிடித்த பையனுக்கு 'பெராங்காட் தீபா' போட வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சிறிது நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போட்டால் நன்றாகத்தான் இருக்கும்" என்றார்.

லாவ்ஷி அதுவரை விடைத்தாள் எண்ணிக்கொண்டிருந்தார். சீனத்தில் வினைச்சொல்லுக்கு விகுதியுமில்லை, காலமுங்கூட இல்லை. ஆகவே அவருக்கு இது எட்டாது என்று நான் நினைத்தது தவறு. தொலைக்காட்சியில் வரும் அரண்மனைத் தொடர்களில், பேரரசர் நுழைவதற்கு முன் பணியாள் ஒருவன் நீட்டி முழக்கிக் கூவுவானே, அதைச் செய்துகாட்டினார்: "ஹுவாங்ஷாங் ஜியா தாவ்!" ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. 'ஜியா' என்பது அரசரின் வண்டியாம். அவர் வந்தார் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்பதால், வண்டி வந்து சேர்ந்தது என்று சொல்கிறார்களாம். தமிழ் சொல்லின் வாலில் வைத்த மரியாதையை மலாய் சொல்லிலேயே வைத்திருக்கிறது; சீனம் அதை அரசரிடமிருந்து இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டது. அந்த மூலையில் அன்று மாலை நாங்கள் மூவரும் ஆங்கிலத்தின் தலைக்கு மேல் பேசிக்கொண்டது போலிருந்தது.

பேச்சு அப்படியே பிடித்த கதைகளுக்குப் போயிற்று. சிக்கு சொன்னது, பழைய மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் வரும் சிங்கப்பூர்க் கதை. கத்தியைப் போல நீண்ட மூக்குடைய தோடாக் மீன்கள் கடலிலிருந்து பாய்ந்து கரையில் நின்றவர்களைக் குத்திக் கொல்கின்றன. ராஜா தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கெண்டைக்கால்களையே அரணாக வைக்கிறான். ஆட்கள் குவியல் குவியலாகச் சாகிறார்கள். ஒரு சிறுவன் வந்து, வாழைமரங்களை வெட்டி வரிசையாக நட்டால் மீன்களின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளுமே என்கிறான். அப்படியே செய்கிறார்கள், ஊர் பிழைக்கிறது. இவ்வளவு சிறிய வயதில் இவ்வளவு அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று பெரியவர்கள் ஓத, ராஜா அந்தச் சிறுவனைக் கொன்றுவிடுகிறான். புக்கிட் மேராவின், அதாவது இங்குள்ள சிவப்புக் குன்றின், மண் சிவந்தது அந்த இரத்தத்தால்தான் என்று சிறுவயதில் அவருக்குப் பாட்டி சொன்னாராம். "எங்கள் கதையில் ராஜா சிறுவனைக் கொல்கிறார். உங்கள் கதையில் சிறுவனே ராஜா" என்றார் சிக்கு.

இந்தப் பத்தியைத் திரும்ப வாசித்தபோது ஒன்று தெரிந்தது. கதையை நான் சொல்கையில் அந்த ராஜாவுக்கு 'ஆர்' போடவில்லை. வைக்கிறான், கொன்றுவிடுகிறான் என்றே எழுதியிருக்கிறேன். திட்டமிட்டுச் செய்யவில்லை, கை தானாகவே பறித்துக்கொண்டது. சிக்குவின் வாயில் வரும்போது மட்டும் 'கொல்கிறார்' ஆகியிருக்கிறது. திருத்தாமல் விட்டுவிடுகிறேன்.

லாவ்ஷி சொன்னது, பேரிக்காய்களில் பெரியவற்றை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்து, எல்லாவற்றிலும் சிறியதைத் தான் எடுத்துக்கொண்ட கோங் ரோங் என்னும் நான்கு வயதுப் பிள்ளையின் கதை. அவருக்கே அது அவ்வளவாகப் பிடிக்காது, பாடநூலில் இருப்பதால் ஆண்டுதோறும் சொல்ல வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொண்டார். கதைக்குச் சீனத்தில் 'கூஷி', அதாவது பழைய சங்கதி என்று பொருள் என்பதையும் சொன்னார். சிக்குவின் மொழியில் 'காத்தா' என்றால் சொல். நம்முடைய 'கதை'யும் அதுவும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. இலக்கியத்துக்கு மலாயில் 'சஸ்தெரா'. அது நம்முடைய சாத்திரந்தான். நம் வீடுகளில் சாத்திரம் என்றால் செய்யக்கூடாதவற்றின் பட்டியல். கப்பலேறி இங்கு வந்தபின் அது கதையும் கவிதையும் ஆகிவிட்டதை நினைத்தால் எனக்குச் சிறிது பொறாமையாகவே இருக்கிறது.

பள்ளிப் பேருந்துகள் போய்விட்டன. லாவ்ஷி கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் இந்த விகுதி காதில் விழுகிறது?" கேட்கவேண்டிய கேள்விதான். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழை அவ்வாறு பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். என் வகுப்பில் திணை மயங்காத கட்டுரை அரிது. 'ஆசிரியர் வந்தது' என்று எழுதுகிற பிள்ளைக்கு 'வந்தான்', 'வந்தார்' வேறுபாட்டில் ஒரு கதையே ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி பேச்சுத்தமிழ். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்தபோது, மொழி கெட்டுவிடும் என்று கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவன். இன்று அந்தக் கவலை எனக்கில்லை. வந்திருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கு அச்செழுத்து. வந்திருக்காரு என்பது குரல்.

மறுநாள் அந்த வகுப்பில், தலைப்பை வெண்பலகையில் எழுதாமல் வாயால் இரண்டு விதமாகச் சொன்னேன். ராஜா வந்திருக்கான். ராஜா வந்திருக்காரு. தலைப்பில் இருப்பது யார் என்று கேட்டேன். பணக்கார வீட்டுக்கு வந்த அரசர் என்றார்கள் பலர். சின்னப் பையனுக்கு யாரும் 'காரு' போடமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி உடனே மறுத்தாள். அவளுடைய பாட்டி அவளையே, அவள் தம்பியையுங்கூட, 'வாங்க, சாப்பிடுங்க' என்றுதான் அழைப்பாராம். அப்படியானால் அந்தத் தாய் அவனை மரியாதையாகக் கூப்பிட்டிருப்பார் என்றது ஒரு குரல். இல்லை, தலைப்பைத் தாய் வைக்கவில்லை, கதை எழுதியவர் வைத்தார் என்றது இன்னொன்று. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற மாணவி அவள். வாய்மொழித் தேர்வில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசத் தடுமாறியவள். முந்தைய நாள் கேள்வி கேட்ட பையனைப் பார்த்து, இப்போது என்ன நினைக்கிறாய் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு, "ரெண்டும்தான்" என்றான். பேரும் வேலையும் என்கிறானா, பையனும் அரசரும் என்கிறானா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு இந்தக் கதையைப் பயிற்சித்தாளோடு சேர்த்துத் தரும்படி துறைத்தலைவர் கேட்டிருக்கிறார். நேற்று மாலை கணினியில் உட்கார்ந்து, "தலைப்பில் குறிப்பிடப்படும் ராஜா யார்? (2 மதிப்பெண்)" என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். மறுபடியும் தட்டச்சு செய்தேன். சிக்கு எட்டிப் பார்த்து, அது என்ன கேள்வி என்றார். சொன்னேன்.

"விடைக்குறிப்பில் என்ன எழுதப் போகிறீர்கள்?" என்றார்.