முதல் பிரதி லயத்துக்குத்தான்

நவம்பர் 3, திங்கள்

சிலோனிலிருந்து திரும்பி வந்த எங்கள் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் நினைவுகளைக் கேட்டு எழுதிய என் புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேசப் புத்தக எண் வந்துவிட்டது. தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமைதான் நம் நாட்டில் இதைத் தருகிறது. கட்டணம் கிடையாது. சொந்தமாகப் புத்தகம் போடும் தனி ஆளும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதின்மூன்று இலக்கத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன்.

"ஏதாவது பதிப்பகத்துக்குக் கொடுத்திருக்கலாமே" என்று பலரும் கேட்டுவிட்டார்கள். கொடுத்திருந்தால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியாகியிருக்கும். இங்கே கோத்தகிரியில், டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இதில் பேசியிருக்கும் கிழவிகள் கண் முன்னால் முதலில் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர்களில் சிலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். 23ஆம் தேதி ஞாயிறு என்று முடிவு செய்திருக்கிறேன். கொழுந்து எடுப்பவர்களுக்கு ஞாயிறுதானே ஓய்வு.

நவம்பர் 5, புதன்

கோயம்புத்தூர் அச்சகத்திலிருந்து போன். சிவகாசியிலும் விசாரித்தேன், ஆனால் இந்த மாதம் அங்கே எல்லா மெஷினிலும் காலண்டர்தான் ஓடும். டெம்மி அளவு, 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், 500 பிரதி. பக்கம் 212 வருகிறதாம். ஒரு ஃபாரத்துக்கு, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் தொகுதிக்கு, 16 பக்கம் என்றால் பதின்மூன்று ஃபாரத்துக்கு 208. மீதி நாலு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்டினால் செலவு ஏறும்.

"பின்னால இருக்கிற பெயர்ப் பட்டியலை எடுத்துடலாமே மேடம், யார் படிக்கப்போறாங்க?" என்றார் அச்சகக்காரர்.

அந்தப் பட்டியலுக்காகத்தான் பாதிப் புத்தகமே. எந்தக் குடும்பம், சிலோனில் எந்தத் தோட்டம், எந்த வருஷம் கப்பல் ஏறியது, இங்கே எந்த லயத்தில் குடியேற்றினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியது. 1964 அக்டோபர் 30இல் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எண்ணிக்கையாகத்தான் எழுதினார்கள். பெயர் எழுதும் இடம் கிடைக்கும்போது அதையும் விட்டுவிட முடியுமா? ஆறு பக்க என்னுரையை இரண்டாக்கிவிட்டேன். கணக்கு 208இல் நின்றது.

நவம்பர் 8, சனி

அச்சகம் திருத்தத்துக்கு அனுப்பிய மெய்ப்பை எடுத்துக்கொண்டு பதுளைப் பாட்டி வீட்டுக்குப் போனேன். பதுளை சிலோனில் ஓர் ஊர். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவர் சொன்ன அத்தியாயத்தை முழுக்க வாசித்துக் காட்டுவதாக முன்பே சொல்லியிருந்தேன்.

ஒரு இடம் எனக்கு நெருடிக்கொண்டே இருந்தது. ஒலிப்பதிவில் பாட்டி, "தனுஷ்கோடியில ரயில், கப்பல் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும்" என்கிறார். பாட்டி வந்தது எழுபதுகளில். தனுஷ்கோடியோ 1964 டிசம்பர் புயலிலேயே அழிந்துவிட்டது. அதன்பின் சிலோனின் தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. வெட்டிவிடுவதா, அடிக்குறிப்பு போடுவதா என்று குழம்பிக்கொண்டே வாசித்தேன். அந்த வரி வந்ததும் பாட்டியே கையமர்த்தினார்.

"புள்ள, அது எங்கம்மா சொன்னது. அவுங்க சின்ன வயசுல போனப்ப தனுஷ்கோடி. நான் எறங்குனது ராமேஸ்வரம். அங்கிட்டிருந்து மண்டபம் கேம்ப்பு."

தாய் போன கடலும் மகள் திரும்பிய கடலும் அவர் நினைவில் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. "எங்கம்மா சொல்லும்" என்ற இரண்டு சொல்லை மட்டும் சேர்த்தேன். ஒரு தலைமுறை கூடிவிட்டது அந்தப் பத்தியில். எழுதியதை எழுதப்பட்டவரிடம் வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும் மாதிரி பெயர்ப் பட்டியலையும் வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் "ம்" கொட்டினார். இருட்டிவிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

எழுத்துருச் சிக்கல். நான் யூனிகோடில் கொடுத்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். சில வரி முடிவில் கொம்பு மட்டும் தங்கி, எழுத்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. 'கொழுந்து' வராத பக்கமே இல்லாத புத்தகம் இது. ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பினேன். கண் எரிகிறது.

நவம்பர் 13, வியாழன்

விலை 200 ரூபாய். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அந்த மட்டும் நிம்மதி. தோட்ட வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் புத்தகத்துக்குக் கொடுக்கும்படி ஆகக் கூடாது என்பதுதான் என் அளவு.

நவம்பர் 17, திங்கள்

யார் வெளியிடுவது என்ற பேச்சு. பெரிய மனிதர் ஒருவரை அழைத்தால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்கிறார் அண்ணன். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் பெரிய மனிதர் வந்தால் அவருக்கு நாற்காலி, சால்வை, அவர் பேச்சு என்று நேரம் போகும். கிழவிகள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு எழுந்து போவார்கள். பாட்டி வெளியிடுகிறார். முதல் பிரதியை எங்கள் லயத்தில் ஒன்பதாவது படிக்கும் பெண் பெற்றுக்கொள்கிறாள். வாங்கியதும் தனுஷ்கோடிப் பத்தியை அவளே வாசிப்பாள். அவ்வளவுதான் விழா.

தண்ணீர் பாட்டில் கூடாது, நீலகிரியில் தடை. எவர்சில்வர் குடமும் டம்ளரும் மஸ்கெலியா மாமா வீட்டிலிருந்து வருகின்றன. டீத்தூள் நம் தோட்டத்தினுடையது.

நவம்பர் 19, புதன்

இரவெல்லாம் மழை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள், மழையை லேசாக நினைக்க மாட்டோம். குஞ்சப்பனை பக்கம் மரம் விழுந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டிகள் நிற்கின்றனவாம். புத்தகக் கட்டுகள் கீழே பார்சல் ஆபீஸில். ஒரு பிரதி கால் கிலோ என்றால் 500க்கு 120 கிலோவுக்கு மேல் வரும், பஸ்ஸில் தூக்கிவர முடியாது. குன்னூர் ரோடு திறந்திருந்தால் அந்தப் பக்கமாகச் சுற்றி வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

வந்துவிட்டது! தார்ப்பாய் மூடிய டெம்போவில், பிரவுன் தாள் கட்டுகளாக. ஒரு கட்டுக்கூட நனையவில்லை. டிரைவர் தம்பிக்குச் சோறு போட்டு அனுப்பினோம். முதல் கட்டைப் பிரித்து அப்பா படம் இருக்கும் பக்கத்தைத்தான் திறந்தேன். சிலோனில், ஹட்டன் ஸ்டூடியோவில் எடுத்த படம் நன்றாக வந்திருக்கிறது.

இனி ஈரம்தான் கவலை. அட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன். உள்பக்கத் தாள் பனி ஈரத்தை இழுத்து விரிந்தால் அட்டை சுருண்டுகொள்ளும். அதனால் கட்டைப் பிரிக்காமல், சிமென்ட் தரையில் வைக்காமல், பலகை போட்டு அடுக்கி மேலே பாரம் ஏற்றியிருக்கிறேன். அடுப்பங்கரைக்கு அடுத்த அறைதான் வீட்டிலேயே காய்ந்த இடம்.

நவம்பர் 22, சனி

மழை விட்டிருக்கிறது. சமுதாயக் கூடத்தைப் பிள்ளைகள் கூட்டிக் கழுவிவிட்டார்கள். சட்டப்படி தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் முப்பது நாளுக்குள் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அந்த நாலையும் தனியே எடுத்து வைத்துவிட்டேன், திங்களன்று தபால் ஆபீஸ். நூறு வருஷம் கழித்து யாராவது கன்னிமாராவில் தேடினால் இந்தப் பெயர்கள் அங்கே இருக்கும் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களுக்குப் பிரதி இலவசம். கூடலூர், சேரம்பாடிப் பக்கம் போய்விட்டவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். நாளை காலை பத்து மணி. மழை வந்தாலும் நடக்கும், குடை எடுத்துக்கொண்டு வாருங்கள்.