இரண்டு வாசல் உள்ள அறை

பிரிந்துபோன பெற்றோரின் குழந்தைகள், கூட வசிக்காத அப்பாவையோ அம்மாவையோ சந்திக்க இடம் ஏற்பாடு செய்து தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வார இறுதிகளில் வேலை பார்க்கிறேன். வேலை என்றால் பாதி நேரம் கடிகாரத்தைப் பார்ப்பதுதான். சந்திக்க வருபவர் 15 நிமிடம் முன்னதாகவே உள்ளே வந்துவிட வேண்டும். குழந்தையைக் கொண்டுவந்து விடுபவருக்கு வேறு வாசல். வாசலில் ஒரு முறைப்பு போதும், அன்றைய சந்திப்பு போச்சு.

குறிப்பேட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதலாம். "மகள் அப்பாவிடம் பாசமாக இல்லை" என்று எழுதக் கூடாது. "வந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பேசவில்லை. அவர் சீட்டுக்கட்டைப் பிரித்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்" என்று எழுதலாம்.

"அம்மா யார்கிட்ட பேசுறா?" என்று குழந்தையிடம் துப்பு கேட்க ஆரம்பித்தால் நடுவில் புகுந்து நிறுத்துவோம். பணம் பற்றித் தூது சொல்லி அனுப்புவதும் கிடையாது. அதற்குத்தான் வக்கீல்கள் இருக்கிறார்களே!

1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தைக்கு இருவரோடும் தவறாமல் தொடர்பில் இருக்கும் உரிமையைத் தருகிறது. அது குழந்தையின் நலனுக்கு எதிராக இருந்தால் ஒழிய. அந்த விதிவிலக்கு எனக்கு முக்கியம். அடியும் மிரட்டலும் இருந்த வீட்டுக்கு "ரெண்டு பேரும் வேணும்" என்ற பேச்சு அப்படியே பொருந்தாது. அதனால் வரும் கோரிக்கைகள் எல்லாவற்றையும் நாங்கள் ஏற்பதில்லை. திட்டு விழும். சரி, விழட்டும்.