என் தசை நோய்க்கு அந்தக் காய்ச்சல்தான் காரணமா?

மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான். முதலில் தங்கைக்கு வந்தது, பிறகு வீட்டில் எல்லோருக்கும். எல்லோருக்கும் சரியாகிவிட்டது, எனக்கும்தான். ஐந்தாறு வாரம் கழித்து என் கண் இமைகளில் ஊதா கலந்த சிவப்பும் லேசான வீக்கமும் வந்தபோது அலர்ஜி என்று களிம்பு போட்டேன், விரல் முட்டிகளின் மேல் தடிப்புகள் வந்தபோது சோப்பை மாற்றினேன். படி ஏறினால் தொடை கனத்தது. காய்ச்சலுக்கு அப்புறம் வரும் அசதி, போகப்போகச் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். தலை வாரும்போது பாதியில் கையைக் கீழே இறக்கி ஓய்வு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்த அன்றுதான் பயம் வந்தது.

முதல் ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு நொதிகளும் ஏறியிருந்ததால் கல்லீரல் என்றார்கள். ஒரு மாதம் கல்லீரலையே துரத்தினோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை, மஞ்சள்காமாலைக் கிருமி எதுவும் இல்லை. அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் உண்டு, தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் இமையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து எழுந்திருங்க பார்ப்போம்" என்றார். முடியவில்லை. அன்றே சி.கே. என்ற தசை நொதி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். சுமார் 200-க்குள் இருக்க வேண்டியது 6,400 இருந்தது.

அப்புறம் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டர், தொடைக்கு எம்.ஆர்.ஐ., தசைக்குள் ஊசி குத்திப் பார்க்கும் இ.எம்.ஜி. (வலிக்காது என்று சொல்வார்கள், வலிக்கும்), ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்) பரிசோதனை, துளி தசையை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. பெயர் கிடைத்தது: டெர்மட்டோமயோசைடிஸ். நம்முடைய நோய் எதிர்ப்பு மண்டலமே தோலையும் தசையையும் தாக்கும் நோய். பெரியவர்களுக்கு வந்தால் சிலருக்கு உள்ளே புற்றுநோய் இருக்கலாம் என்பதால் அதற்கும் ஒரு சுற்றுப் பரிசோதனை. அந்த முடிவுகளுக்காகக் காத்திருந்த பத்து நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. எதுவும் இல்லை என்று வந்தது.

இதற்கு நடுவே தங்கை ஒரு நாள் போனில் அழுதாள். "நான்தானே அந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்தேன்." உண்மையில் நானும் அதே கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன், அவளிடம் சொல்லவில்லை என்பதுதான் வித்தியாசம். அடுத்த முறை டாக்டரிடம் நேராகவே கேட்டேன்.

அவர் மழுப்பவில்லை. காக்ஸாக்கி, பார்வோ பி19 போன்ற வைரஸ்கள், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எல்லாவற்றின் மேலும் பல காலமாகச் சந்தேகம் இருக்கிறதாம். முக்கியமாகக் குழந்தைகளில், நோய் தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்களில் சளி, காய்ச்சல் வந்ததாகப் பெற்றோர் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நோயாளிகளின் தசையை எடுத்து வைரஸைத் தேடிய ஆய்வுகளில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படவில்லை. திருடன் என்றைக்கோ ஓடிவிட்டான், ஊர்க்காரர்கள் மட்டும் இன்னும் தடியோடு அலைந்து வீட்டு ஆட்களையே அடிக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். திருடன் வந்தானா என்பதே உறுதியில்லை, அது வேறு விஷயம்.

சந்தேகத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. வைரஸ் வந்தால் உடம்பு அடிக்கும் அபாயமணி இன்டர்ஃபெரான், இந்த நோயில் அந்த மணி ஓயாமல் அடிக்கிறது. எம்.டி.ஏ.5 என்று ஒரு புரதம், செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருள் நுழைந்தால் கண்டுபிடிக்கும் காவலாளி. சில நோயாளிகளின் உடம்பு அந்தக் காவலாளிக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்கிறது. இதைக் கேட்டபோது நோயை மறந்து கொஞ்ச நேரம் வியந்துகொண்டிருந்தேன். எனக்கு இருந்தது மி-2 ஆன்டிபாடி, பொதுவாக மருந்துக்குக் கட்டுப்படும் வகை. அதற்கும் வெயிலின் புற ஊதாக் கதிருக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். பரம்பரையாக வரும் சில மரபணு வகைகளும் சேர வேண்டும். "அதே காய்ச்சல் உங்க வீட்டில எத்தனை பேருக்கு வந்தது? இது எத்தனை பேருக்கு வந்தது?" என்று கேட்டார். எந்த இரண்டு மாதத்தைத் திரும்பிப் பார்த்தாலும் ஒரு சளியாவது இருக்கும், இல்லையா?

ஆனாலும் காய்ச்சல் வந்த தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள். வைரஸ் தாக்கியே சில நாள் தசை வீங்கி, தானாகச் சரியாவதும் உண்டு, அதைப் பிரித்துப் பார்க்க அந்தத் தேதி வேண்டும்.

காசநோய், ஹெபடைடிஸ் பி இரண்டும் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டீராய்டு தொடங்கினார்கள், கூடவே மெத்தோட்ரெக்சேட். இந்த மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவைத்திருக்கிறேன். நாலு மாதத்தில் சி.கே. 300-க்கு வந்தது. தலையை இப்போது நானே வாரிக்கொள்கிறேன். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பதால் காய்ச்சல் வந்தால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், அதில் சமரசமே இல்லை.

போன வாரம் தங்கை வந்தாள். லேசாகத் தும்மல் இருக்கிறதாம், முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள்.