வானம் பார்த்த ஹெட்லைட்

டிரெய்லரை முதன்முதலாக வண்டியில் மாட்டும் நாளில் எல்லா வீட்டு வாசலிலும் நடப்பது ஒரே காட்சிதான். ஜாக்கைச் சுற்றச் சுற்ற டிரெய்லரின் மூக்கு இறங்கும். கூடவே வண்டியின் பின்புறமும் இறங்கும். ஊஞ்சலில் கனத்த ஆள் ஏறி உட்கார்ந்தது மாதிரி ஒரு முனகல் கேட்கும். பிறகு மௌனம்.

"கொஞ்சம் உக்காந்துடுச்சுல்ல?"

"கொஞ்சமா? முன்னாடி வந்து பாருங்க, ஹெட்லைட் நட்சத்திரம் எண்ணிக்கிட்டு நிக்குது."

"நீ பின்னால மட்டும் பாரு. ஒரு ஸ்பிரிங்கோ, காத்தடைச்ச ஏர்பேகோ அச்சு மேல போட்டா தூக்கிடும்."

இந்தக் கடைசி வசனத்தில்தான் வம்பே இருக்கிறது. பின்புறம் இறங்கியது கண்ணில் குத்துகிறது, அதனால் ஆளாளுக்கு அதற்கே வைத்தியம் பார்க்கிறார்கள். ஆனால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் பூட்டில், பாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் வகை) வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை முன்சக்கரத்தில் இருக்கிறது.

டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் பாலை அழுத்தும் எடைதான் டங் வெயிட். (பால் என்றால் இரும்புக் குண்டு, பொங்கி வழியாது.) மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம் என்று சொன்னதும் இதைத்தான். அந்தக் குண்டு பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், பின் அச்சு நடுவில் நின்று வண்டியை ஏற்றமரம் ஆக்கிவிடுகிறது. வால் தாழ்ந்தால் தலை எழும்பத்தானே செய்யும்?

கணக்கு எளிது. முன்பாரம் 300 கிலோ. பின் அச்சிலிருந்து பால் வரை 1.5 மீட்டர், இரண்டு அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர். 300-ஐ 1.5-ஆல் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் 125. அதாவது முன் அச்சிலிருந்து 125 கிலோ காணாமல் போகிறது. போனது பின் அச்சில் ஏறி, அங்கே 300-க்குப் பதில் 425 கிலோ உட்காருகிறது. ஸ்டீயரிங் லேசாகி, "அட, பவர் ஸ்டீயரிங் நல்லா வேலை செய்யுதே" என்று ஒருவர் மகிழ்ந்தால், அது முன் டயர் தரையை விட்டுக்கொடுப்பதன் அறிகுறி. மழையில் பிரேக் மிதிக்கும்போதுதான் உண்மை தெரியும். எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டைச் சிமிட்டுவதும் நலம் விசாரிக்க இல்லை.

ஏர்பேக் போட்டால்? பின்புறம் எழும்பும், வண்டி மட்டமாகத் தெரியும், புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். பின் அச்சில் 425 கிலோ அப்படியேதான் இருக்கும். முன்னால் போன 125-ல் பத்து கிலோகூடத் திரும்பி வராது.

பாரம் பிரிக்கும் ஹிட்ச் வேறு சாதி. ஹிட்ச் தலையில் செருகிய இரண்டு ஸ்பிரிங் பார்கள் டிரெய்லர் சட்டத்தின் அடியில் பின்னோக்கி ஓடும். அவற்றின் நுனியைச் செயினாலோ பிராக்கெட்டாலோ மேலே இழுத்துக் கட்டும்போது, இரண்டு வண்டிக்கும் நடுவில் இருக்கும் மூட்டு மேல்நோக்கி நிமிர்கிறது. தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்கினால் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிற அதே கதை. மேலே சொன்ன வண்டியில், டிரெய்லர் அச்சு பாலிலிருந்து 4.5 மீட்டரில் இருந்தால், இழந்ததில் பாதியான 62 கிலோவை முன் அச்சுக்குத் திருப்பும்போது சுமார் 37 கிலோ டிரெய்லர் சக்கரங்களுக்கும் போகும். பின் அச்சிலிருந்து சுமார் 99 கிலோ இறங்கும். எடை மறைந்துவிடவில்லை, பங்கு பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டியின் இழுவைத் திறனும் இதனால் ஒரு கிலோகூடக் கூடாது. 'ஹிட்ச் போட்டாச்சு, இனி பெரிய டிரெய்லர் வாங்கலாம்' என்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சரி, வேண்டுமா வேண்டாமா? முதலில் தரையில் படுத்து ரிசீவரின் (வண்டியின் பின்னால் ஹிட்சைச் செருகும் சதுரக் குழாய்) ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். அதில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும்: பாரம் நேரடியாகத் தாங்கினால் இவ்வளவு, பாரம் பிரிக்கும் ஹிட்சோடு என்றால் இவ்வளவு. முதல் வரியில் 5,000 பவுண்டு, 500 பவுண்டு என்று இருந்தால், டிரெய்லர் 2,268 கிலோ வரை, முன்பாரம் 227 கிலோ வரைதான் வெறும் பாலில் தொங்கலாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் பேச்சு முடிந்தது, ஹிட்ச் வேண்டும். அடுத்து வண்டியின் கையேடு. சில வண்டிகளுக்கு இன்ன எடைக்கு மேல் கட்டாயம் என்று இருக்கும். சிலவற்றில் இந்த ஹிட்சைப் போடவே கூடாது என்று இருக்கும். அப்படியிருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு சின்ன டிரெய்லராகப் பார்க்க வேண்டியதுதான்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம், விற்பனைத் தாளில் அச்சடித்த எடை. அது காலி டிரெய்லரின் எடை. நிறைந்த 20 பவுண்டு கேஸ் சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 17 கிலோ, மூக்கில் இரண்டு உட்கார்ந்திருக்கும். பேட்டரி 25 கிலோ. முன் அறையில் மடக்கு நாற்காலி, கருவிப்பெட்டி, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஏற்றிய சாமான். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் அதுவும் சேர்ந்து அழுத்தும். லிட்டருக்கு ஒரு கிலோ. தாளில் 230 என்று இருந்த முன்பாரம் கிளம்பும் நாளில் 300 ஆவது சர்வசாதாரணம். ஹிட்சின் எடையே 30, 40 கிலோ வரும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சுமைக் கணக்கில் அதுவும் சேரும்.

எடைமேடை பக்கத்தில் இல்லையென்றால் வீட்டு எடை மெஷினே போதும். டிரெய்லரை மட்டமான தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். உறுதியான ஒரு மரச்சட்டத்தின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை மெஷின் மேல், சட்டத்தின் இரண்டு முனைக்கும் அடியில் ஒவ்வொரு குழாய்த் துண்டு. கப்ளரின் (டிரெய்லர் மூக்கில் பாலைக் கவ்வும் பூட்டு) பாரம் செங்கல் பக்கக் குழாயிலிருந்து 30 சென்டிமீட்டரிலும் மெஷின் பக்கக் குழாயிலிருந்து 60 சென்டிமீட்டரிலும் விழ வேண்டும். மெஷின் காட்டுவதில், சட்டம் மட்டும் இருந்தபோது காட்டியதைக் கழித்து மூன்றால் பெருக்கினால் முன்பாரம். அந்த மெஷின் 100 காட்டியும் வீட்டில் யாருக்கும் கோபம் வராத ஒரே நாள் அதுதான்.

வந்த எண், சாமானோடு சேர்த்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். "அதிகமா இருக்குங்களே, கொஞ்சத்தைப் பின்னால தள்ளிடலாமா?" என்றால், 10-க்குக் கீழே போகாத வரை தள்ளலாம். போனால் பின்பாரம். மாட்டுவண்டி குடை சாயும். டிரெய்லர் நெடுஞ்சாலையில் பாம்பாட்டம் ஆடும். அந்த ஆட்டத்துக்கு எந்த ஹிட்சும் முழு மருந்தில்லை.

கடைசிச் சோதனைக்கு ஒரு டேப் போதும். முன்சக்கர வளைவின் உச்சியிலிருந்து தரை வரை, சக்கர மையத்துக்கு நேராக அளக்க வேண்டும். டிரெய்லர் இல்லாமல் 92 சென்டிமீட்டர், பார்கள் இல்லாமல் மாட்டியபின் 95 என்று வைத்துக்கொள்வோம். மூன்று சென்டிமீட்டர் எழும்பியிருக்கிறது. பல கையேடுகள் கேட்பது பாதியாவது திரும்ப வேண்டும் என்று. அதன்படி பார்களை இழுத்துக் கட்டியபின் 93.5. சிலது முழுவதும் திரும்ப வேண்டும் என்னும். எப்படியானாலும் 92-க்குக் கீழே இறக்கக் கூடாது. அதற்கும் கீழே போனால் பின் அச்சு அளவுக்கு மீறி லேசாகி, ஈரச்சாலை வளைவில் வண்டியின் பிட்டம் தனியாகக் கிளம்பும். லேசான டிரெய்லர், கனமான பிக்கப், டேப்பில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம், ஸ்டிக்கரும் கையேடும் சம்மதம் என்றால் ஹிட்ச் வேண்டாம். காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதென்றால் 'பெருசா இருந்தா நல்லதுதானே' என்ற நினைப்பை வாசலிலேயே விட வேண்டும். முன்பாரம் 300, பின் அச்சுக்குப் பின்னால் டிக்கியில் 60 என்றால் கூட்டினால் 360 கிலோ, சுமார் 794 பவுண்டு; 800 பவுண்டு பார் சரியாக இருக்கும். 1,200 பவுண்டு பார் வளையவே வளையாது. பள்ளத்தில் விழும் அடியெல்லாம் டிரெய்லர் சட்டத்துக்கும் உங்கள் இடுப்புக்கும் போகும். டிரெய்லரில் சர்ஜ் பிரேக் (வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் தள்ளலிலேயே பிடிக்கும் பிரேக்) இருந்தால், அதோடு சேர்ந்து இயங்குகிற ஹிட்ச்தானா என்று கேட்டே வாங்க வேண்டும். அந்த பிரேக் வேலை செய்ய மூக்கு முன்னும் பின்னும் நகர்ந்தாக வேண்டும், சில ஹிட்ச் அதைப் பிடித்துவைத்துவிடும்.

மாட்டும்போது பலத்தைக் காட்ட வேண்டியதில்லை. பாலில் இறக்கி, கப்ளரைப் பூட்டி, பூட்டு ஊசியையும் போட்டபிறகு, ஜாக்கால் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். டிரெய்லர் மூக்கும் வண்டியின் பின்புறமும் சேர்ந்தே எட்டு, பத்து சென்டிமீட்டர் எழும்பும். அப்போது செயின் தளர்ந்து, பிராக்கெட் ஒரு கையால் மடங்கும். இதைச் செய்யாமல் நெம்புகம்பியில் தொங்குகிறவருக்கு அந்தக் கம்பி திருப்பியடித்துப் பாடம் சொல்லும். கழற்றும்போதும் இதே ஒழுங்கு. இறுக்கம் போதவில்லையென்றால் ஒரு கண்ணி மேலே மாட்டலாம், அல்லது ஹிட்ச் தலையின் சாய்வைக் கூட்டலாம். செயினை ரொம்பக் குட்டையாக்கினால் திருப்பத்தில் பாருக்கு அசைய இடமிருக்காது, அதனால் எத்தனை கண்ணி தொங்க வேண்டும் என்று ஹிட்சின் தாளில் உள்ளதை மீறக் கூடாது.

திரும்பும்போதெல்லாம் பழைய கோட்டைக் கதவு மாதிரி 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம், கிரீஸோடு ஓடவும் வேண்டாம். பாருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலான உராய்வே ஆட்டத்தை அடக்கும் வகை என்றால், அங்கே கிரீஸ் தடவுவது காசு கொடுத்து வாங்கியதைத் துடைத்து எறிவதற்குச் சமம். தனி உராய்வுக் கம்பி இருந்தால் ரிவர்ஸ் எடுக்குமுன் அதைக் கழற்ற வேண்டும். செங்குத்தான வாசல் சரிவில் ஏறுமுன் பார்களை அவிழ்த்துவிடுவது நல்லது. அங்கே மூட்டு மடங்கும் மடங்கில் பார் வளைந்தே போகும்.

சரியான இறுக்கம் கிடைத்த கண்ணியில் கொஞ்சம் நெயில் பாலிஷ் வைத்துவிட்டால் அடுத்த முறை டேப்பே தேவையில்லை, சாமான் மாறாதவரை.

"எட்டா ஒன்பதா, எந்தக் கண்ணில மாட்டினோம்?"

"சிவப்புப் புள்ளி வச்சிருக்கேன் பாருங்க. பாட்டில் மூடிய எங்க போட்டீங்க?"