தொட்டில் கட்டிய மலைக்குப் பிள்ளைகளோடு

"கோயிலடி வரைக்கும் வண்டி போகும் அம்மா, ஏன் இந்த வெயிலில் பிள்ளைகளை நடத்துகிறீர்கள்?" என்று திருகோணமலைக் கோட்டை வாசலில் ஆட்டோக்காரர் கேட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் நடந்து ஏறுவதாகத்தான் நேர்த்தி. ஒன்பது வருடங்களுக்கு முன் இதே மலையில் பிள்ளை வேண்டி ஒரு மரத்தொட்டிலைக் கட்டிவிட்டு, "பிறக்கிற பிள்ளையை நடத்திக் கூட்டிவந்து காட்டுகிறேன்" என்று கோணேசப் பெருமானிடம் சொல்லிவிட்டு இறங்கியவள் நான். நான் கேட்டது ஒன்று, அவர் தந்தது இரண்டு. மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. இரண்டு பேருக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது.

வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்திருந்தோம். நானும் கணவரும், மாமியும், இந்த இரண்டு பேரும்.

மலை என்றால் காட்டு வழியில்லை. பிரடெரிக் கோட்டைக்குள் நுழைந்து, மரநிழலும் வெயிலும் மாறி மாறி விழுகிற தார்வீதியில் மெல்ல மெல்ல ஏறிச் சுவாமிமலை உச்சிக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கு அது ஒரு நடை, பிள்ளைகளுக்கு அதுவே ஒரு மலையேற்றம்.

வாசலிலேயே தாமதம் தொடங்கியது. கோட்டை வாசல் கல்லில் இரட்டைக் கயலும் பழைய தமிழ் எழுத்துகளும் செதுக்கியிருக்கின்றன. குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னாளில் பறங்கி குலைப்பான் என்று சொல்லும் வாசகம் அது. மூத்தவன் இப்போதுதான் கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் கூட்டி வாசிக்கிறான். தேய்ந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டிவிட்டு, "பறங்கி என்றால் யார்?" என்றான். 1622ஆம் ஆண்டு போர்த்துக்கீசர் இந்தக் கோயிலை இடித்ததையும், அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டியதையும் அவனுக்கு விளங்கும்படி அப்பா சொன்னார். "எந்தக் கல் கோயில் கல்?" என்று கேட்டான். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் ஒரு முடிவுக்கு வந்தவனாய் எட்டிய கல்லையெல்லாம் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றத் தொடங்கினான். தங்கையும் சேர்ந்துகொண்டாள். பத்து நிமிடம் அங்கேயே போயிற்று. வழக்கமாக நான் அவசரப்படுத்துகிறவள். அன்று வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது மான்கள். கோட்டைக்குள் புள்ளிமான்கள் வீட்டு ஆடுகள்போல நடமாடும். உரித்த வாழைப்பழத்தைச் சின்னவள் உள்ளங்கையில் வைத்து நீட்ட, ஒரு பெண்மான் கழுத்தை நீட்டி, ஈரமான கறுத்த மூக்கால் முதலில் முகர்ந்து, பிறகு உதட்டால் மட்டும் எடுத்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பிறந்த நாளிலிருந்து அவள் அத்தனை நேரம் அசையாமல் நின்றதை நான் பார்த்ததில்லை. ஆனால் சில பேர் பழத்தைப் பொலித்தீன் பையோடு எறிந்துவிட்டுப் போகிறார்கள். அந்த வாயில்லாப் பிராணி பையையும் சேர்த்து மென்றதைக் கண்டபோது மனம் பதைத்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் இதைச் செய்யலாமா?

பிள்ளைகள் நம்மைப்போல ஒரே சீராக நடக்க மாட்டார்கள். ஓடுவார்கள், குந்துவார்கள், திரும்பிக் கீழே ஓடுவார்கள். நாங்கள் ஒருமுறை ஏறிய வீதியை அவர்கள் மூன்று முறை ஏறியிருப்பார்கள். மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். தேங்காயை மூத்தவன் கையிலும் கற்பூரப் பெட்டியைச் சின்னவள் கையிலும் கொடுத்து, "சாமிக்குக் கொண்டுபோகிற பொருள், கீழே விழக்கூடாது ராசா" என்றார். அதன் பிறகு ஓட்டம் குறைந்தது. கையில் பொறுப்பு இருந்தால் கால் சொல்வழி கேட்கிறது.

கடைகள் வரிசையாகத் தொடங்கும் ஏற்றத்தில் சின்னவளின் கால் ஓய்ந்துவிட்டது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். நேர்த்தி குறைந்துபோகுமோ என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தல். மாமி என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். "சம்பந்தரையும் தகப்பன்தான் தூக்கினார், பிள்ளை. சிவபாதவிருதயர் மகனைத் தோளில் சுமந்துதானே கோயில் கோயிலாகக் கொண்டுபோனார்? அந்தப் பிள்ளை பாடிய மலை இது" என்றார். என் உறுத்தல் அத்தோடு போயிற்று. மூன்று வயதில் பாடத் தொடங்கிய பிள்ளை. நம் நாட்டில் அவர் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே, இதுவும் திருக்கேதீச்சரமும். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே" என்று மாமி மெல்லப் பாட, தோளில் இருந்தவள் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு "அமர்ந்தாரே, அமர்ந்தாரே" என்று அப்பாவின் தலையில் தாளம் போட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது கல் சுட்டது. சன்னிதிக்குள் நுழைந்ததும் அந்தச் சூடு இறங்கி, எண்ணெயும் திருநீறும் கலந்த குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டதையும், 1963இல் இந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததையும் மகனுக்குச் சொன்னேன். "கிணற்றுக்குள் இருந்தபோது சாமிக்கு யார் பூசை செய்தது?" என்று கேட்டான். குருக்கள் தீபாராதனையைக் காட்டிக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமல் அவன் கைகளைக் குவித்துவிட்டேன். மாதுமை அம்பாள் முன் நின்றபோது எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முன்பு இங்கே எவ்வளவு நேரம் அழுதுகொண்டு நின்றேன் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அன்று என் சேலையைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை.

பாறை பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டுப் பக்கம் இருவரையும் கையில் இறுகப் பிடித்துக்கொண்டே போனோம். பிள்ளைகளோடு வருகிறவர்கள் அங்கே ஒரு கணமும் கையை விடக்கூடாது. தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்த மகனின் கதையை மாமி சொல்ல, பிளவுக்குக் கீழே கடல் குமுறியது.

மலை விளிம்பில் அந்த மரம். கிளையெல்லாம் சிறு மரத்தொட்டில்கள், துணித்துண்டுகள். "எங்கள் தொட்டில் எது?" என்று பிள்ளைகள் தேடினார்கள். ஒன்பது வருட உப்புக்காற்றில் அது எங்கே இருக்கப்போகிறது? பக்கத்தில் ஓர் இளம் தம்பதி புதுத் தொட்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று நூலைப் பறித்தது, அந்தப் பெண்ணின் விரல்கள் நடுங்கின. முதல் முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது. யாரும் சொல்லாமலே என் மகன் போய், முடிச்சு விழும் இடத்தில் தன் சுட்டுவிரலை வைத்து அழுத்திப் பிடித்தான். "இப்போது கட்டுங்கள் அன்ரி" என்றான்.

அவள் கட்டி முடிக்கும் வரை அவன் விரலை எடுக்கவில்லை. முடிச்சு இறுகியதும் அவள் குனிந்து அவன் தலையில் கை வைத்தாள். அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

இறங்கும்போது சின்னவள் தோளில் ஏற மறுத்துவிட்டாள். கோட்டை வாசல் வரை தானே நடந்தாள்.