மருந்து என்று ஒரு சொல்

"விஷம் எதுவும் சாப்பிட்டிருக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. என் கேள்வியில்தான் கோளாறு என்று புரிய எனக்கு ஒரு பூனை தேவைப்பட்டது.

கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிது. இரவுப் பணி. ஓர் அம்மா துண்டில் சுற்றி ஒரு பூனையைக் கொண்டுவந்தார். காது மடல் துடிக்கிறது, தோல் அலை அலையாக நடுங்குகிறது, லேசாகத் தொட்டாலே துள்ளி விழுகிறது. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "ஐயோ, விஷமெல்லாம் இல்லைங்க டாக்டர், வாசலைத் தாண்டாத பூனை இது" என்றார். சரி, வலிப்பு நோயாக இருக்கும் என்று முடிவு கட்டி அதற்கான ஊசியைப் போட்டுக் கூண்டில் படுக்க வைத்தேன். கொஞ்சம் அடங்கும், மறுபடி உதறும். விடியும் வரை இதே கதை.

மறுநாள் பகலில் அவருடைய மகன் பார்க்க வந்தான். கூண்டருகே நின்று பேச்சுவாக்கில் சொன்னான்: "நாய்க்குப் போட்ட உண்ணி மருந்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, இதுக்கும் விட்டோம்." பூனையின் பிடரி முடியை விலக்கிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. என் கண் முன்னால், என் கூண்டுக்குள்ளேயே, அது இரவெல்லாம் தோல் வழியாக நஞ்சை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினோம். சூடான தண்ணீர் தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி நஞ்சை இன்னும் உள்ளே இழுத்துவிடும். குளிர்ந்த தண்ணீரும் ஆகாது, உடல் வெப்பம் இறங்க இறங்க நடுக்கம் கூடும். அப்புறம் தசை தளர்த்தும் மருந்து, ட்ரிப்ஸ், இருட்டு அறை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டபோது எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்தப் பையன் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள். உண்ணி மருந்து. நாம் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். கொசு மருந்து, எறும்பு மருந்து, கரப்பான் மருந்து. யாராவது "மருந்தைக் குடித்துவிட்டார்" என்றால் மட்டும் நமக்கு ஒரு நொடியில் புரிகிறது, பதறுகிறோம். அதே புட்டி அலமாரியில் இருக்கும்போது அது மருந்துதான், நல்லதுதான். பிறகு விஷம் என்று நான் கேட்டால் அவர்களுக்கு எப்படி அது நினைவுக்கு வரும்?

அந்தச் சொட்டு மருந்தில் இருந்தது பெர்மெத்ரின். பூச்சியின் நரம்பில் சோடியம் போய்வரும் வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடும். நரம்பு ஓயாமல் துடித்துத் துவண்டுபோகும். நமக்கும் நாய்க்கும் இதே நரம்புதான், இதே வாசல்தான். ஆனால் நம் கல்லீரல் அதைச் சீக்கிரமாக உடைத்து வெளியேற்றிவிடுகிறது. பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதிகளில் ஒன்று மிகக் குறைவு. அதனால்தான் மனிதர்களுக்கான பேன் மருந்தில் இதே பெர்மெத்ரின் 1 சதவீதமும், சொறி சிரங்குக் களிம்பில் 5 சதவீதமும் இருந்தாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. நாய்க்கான சொட்டுகள் சிலவற்றில் 45 சதவீதத்துக்கும் மேலே இருக்கும். நாய்க்கு விட்ட மிச்சத்தில் கொஞ்சம் என்பது பூனைக்குக் கொஞ்சமே இல்லை. விடவே வேண்டாம், சொட்டு விட்ட நாயோடு ஒட்டிப் படுத்து அதன் முதுகை நக்கிக்கொடுத்தாலும் போதும். பொட்டலத்தில் பூனைக்குப் போடாதீர்கள் என்று அச்சடித்துத்தான் இருக்கும். படிப்பதற்கு ஒரு பூதக்கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். "வீட்டில் கொசு, எறும்பு, கரப்பான் தொல்லை இருக்கிறதா?" என்று அனுதாபமாக ஆரம்பிப்பேன். "ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க" என்று தொடங்கி, எதை எங்கே எத்தனை முறை அடித்தார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அடித்த டப்பாவைக் கையோடு கொண்டுவரவும் சொல்வேன். பெயரைவிட அதன் பின்பக்கம் முக்கியம். உள்ளே இருப்பது பெர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டா, ஆர்கனோபாஸ்பேட் என்ற வேறு வகைப் பூச்சிக்கொல்லியா என்பதில் சிகிச்சையே மாறிவிடும். ஆர்கனோபாஸ்பேட் என்றால் எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சுக்குழாயில் சளி கட்டும். அதற்கு அட்ரோபின் உயிர்காக்கும். பைரித்ராய்டுக்கு அப்படி ஒரு முறிப்பான் கிடையாது. உடம்பே உடைத்துத் தள்ளும் வரை நடுக்கத்தை அடக்கித் தாங்கிப்பிடிப்பதுதான் வேலை. சிலர் பயத்தில் வாந்தி எடுக்க வைத்துவிட்டுக் கூட்டிவருவார்கள். பூச்சிக்கொல்லிகள் பலவற்றில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் கலந்திருக்கும். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் நஞ்சைவிட அது பெரிய தலைவலி. உப்புத் தண்ணீர் கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

இத்தனையும் தெரிந்த நானே என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்ணி மொய்த்த நாய்களை மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டுவது எங்கள் வேலையில் ஒன்று. வருடக்கணக்காக வெறும் கையோடு செய்தேன். கையுறை போட்டால் பிடி வழுக்கும் என்று ஒரு சாக்கு. மாலையில் கன்னமும் உதடும் குறுகுறுக்கும், எறும்பு ஊர்வதைப் போல இருக்கும். முகம் கழுவினால் இன்னும் எரியும். களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். பைரித்ராய்டு பட்ட தோலுக்கு இப்படித்தான் ஆகும், ஒரு நாளில் தானே அடங்கும் என்று பாடத்தில் படித்தவன்தான். படித்தது நாயைப் பற்றி இருந்தால் நினைவுக்கு வந்திருக்குமோ என்னவோ. என்னோடு வேலை செய்த உதவியாளர்தான் ஒருநாள் கேட்டார்: "டாக்டர், குளிப்பாட்டுற நாள்ல மட்டும் ஏன் நம்ம ரெண்டு பேருக்கும் முகம் எரியுது?" அன்றைக்கே நீளக் கையுறை வந்தது. அந்த அறையில் காற்று வெளியேற்றும் விசிறியும் மாட்டினோம். அவர் கேட்ட கேள்வி நான் கேட்டிருக்க வேண்டியது.

மீனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வீட்டில் கரப்பானுக்காகச் சமையலறையில் மட்டும்தான் அடித்தார்கள். மீன்தொட்டி கூடத்தில் இருந்தது, மேலே மூடியும் உண்டு. காலையில் எல்லா மீனும் மிதந்தன. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் சமையலறைத் திண்டில் இருந்திருக்கிறது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்ததையும் சேர்த்து, இரவெல்லாம் தண்ணீருக்குள் குமிழியாக விட்டிருக்கிறது. மீனுக்கு பைரித்ராய்டு மிகச் சிறு அளவிலேயே கொடிய நஞ்சு. பூவிலிருந்து எடுத்தது, இயற்கையானது என்று அந்த டப்பாவில் போட்டிருந்ததாம். சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து, பைரித்ராய்டுகளுக்கு முன்மாதிரியான பைரித்ரம் எடுப்பது உண்மைதான். ஆனால் நாகப்பாம்பின் நஞ்சும் இயற்கையானதுதானே. தவிர, பூவிலிருந்து வருவது வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். வீட்டுக்குள் வெயில் ஏது? கட்டிலடியிலும் கம்பளத்திலும் நெடுநாள் தங்கிவிடுகிறது.

தரையில் தங்குவது தரையில் இருப்பவர்களுக்குத்தான் சேரும். நாயும் பூனையும் தரையில் படுக்கின்றன, பாதத்தை நக்குகின்றன. தவழும் குழந்தையும் அதே தரையில்தான், கை அதே போல வாய்க்குப் போகிறது. ஒருமுறை மூக்கு ஒழுகி இருமிக்கொண்டே இருந்த நாய்க்குட்டி ஒன்று வந்தது. கிருமித் தொற்று எதுவும் தென்படவில்லை. வாசனை பிடித்தே சொல்லிவிடலாம் போல, அதன் மேலெல்லாம் கொசுவர்த்தி வாடை. சாத்திய அறையில் இரவு முழுக்கச் சுருள் எரியுமாம், குட்டி அதன் பக்கத்தில் படுக்குமாம். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இதைச் சொன்னேன். குட்டியைக் கொண்டுவந்தவர் நாயைப் பார்க்காமல் மடியில் இருந்த மகளைப் பார்த்தார். "இவளுக்கும் ராத்திரிதாங்க இருமல்." குழந்தைகள் நல மருத்துவரிடம் இதையும் சொல்லச் சொல்லி அனுப்பினேன். எனக்கு அதற்கு மேல் பேச உரிமை இல்லை.

அதற்காக எதையும் அடிக்காதீர்கள் என்று நான் சொல்வதில்லை. கரப்பானின் எச்சமே பல குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும், கொசு கடித்தால் டெங்கு வரும். அறை முழுக்கப் புகைபோல அடிப்பதற்குப் பதில் எட்டாத இடுக்கில் பசையாக வைப்பது, கொசுவுக்கு வலையும் கம்பி ஜன்னலும், தண்ணீர் ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, இவ்வளவுதான் என் யோசனை. அடித்தே ஆக வேண்டுமென்றால் பிராணிகளையும் பிள்ளைகளையும் வெளியே கூட்டிப் போய்விட்டு, தரை காய்ந்து, ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டபிறகு உள்ளே வாருங்கள். பறவைக் கூண்டை மறக்காதீர்கள். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட ஒவ்வொரு மூச்சிலும் அதிகமாக வாங்கிக்கொள்ளும்.

இப்போது எங்கள் வரவேற்பில் ஒரு படிவம் உண்டு. "பிராணிக்குத் தற்போது கொடுக்கும் மருந்துகள்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "கடந்த 3 நாட்களில் வீட்டில் பூச்சிகளுக்கு என்ன செய்தீர்கள்" என்று இன்னொரு வரி. போன வாரம் ஒரு பெரியவர் இரண்டாவது வரியைக் காலியாக விட்டுவிட்டு, முதல் வரியில் எழுதியிருந்தார்: வைட்டமின் சொட்டு, கரப்பான் மருந்து. வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தப் போனாள். இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு, பூனையின் பிடரியை முதலில் முகர்ந்து பார்த்தேன்.