சூரியனின் சின்ன வயசு அடாவடி

2003 ஜனவரியில் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஏறத்தாழ 13 நாள், விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவையே உற்றுப் பார்த்தது. சிக்கியவை 1,600-க்கும் மேற்பட்ட எக்ஸ் கதிர்ப் புள்ளிகள். பெரும்பாலானவை ஒரு கோடி வயதுகூட ஆகாத இளசு விண்மீன்கள் (நம்ம சூரியனுக்கு 460 கோடி!). அவற்றில் சூரியனைப் போன்றவை கிட்டத்தட்ட வாரம் ஒருமுறை பெருஞ்சுடர் கக்கின. இன்றைய சூரியனின் சீற்றமெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. சின்ன வயசில் நம்ம சூரியனும் இப்படித்தான் ஆடியிருக்கும்.

சுவாரசியம் இதற்கப்புறம்தான். அந்தச் சுடர்களின் எக்ஸ் கதிர்கள், விண்மீனைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் வாயு, தூசி வட்டத்தட்டை அயனியாக்கும் (அதாவது, மின்னேற்றம் பெறச் செய்யும்). அயனியான வாயுவைக் காந்தப்புலம் பிடித்துக் கலக்கும். அந்தக் கொந்தளிப்புதான் பாறைக் கோள்கள் விண்மீனுக்குள் சுருண்டு விழாமல் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள் 2005-இல். ஊகம்தான். எனக்கென்னவோ நம்பத் தோன்றுகிறது.